கண்ணாடித் தளத்தின் மேல் பாறைகள்

கிழக்கு ஆப்பிரிக்காவில், பூமியின் மேலோடு விரிந்து பிளந்து தாழ்ந்ததனால் உண்டான மாபெரும் பள்ளத்தாக்கின் தென்கோடியில், வடக்குத் தெற்காகச் சுமார் 580 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் 75 கிலோமீட்டர் அகலமும், மிகத் தாழ்ந்த இடத்தில் ஏறக்குறைய 700 மீட்டர் ஆழமும் உடையதாய், மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று தேசங்களின் கரைகளைத் தழுவிக்கொண்டு கிடக்கிறது மலாவி ஏரி. அதன் கரையோரத்தில் ஓரிடத்தில் வெண்மணல் பரந்திருக்க, அடுத்த இடத்தில், சரிவுகளிலிருந்து உருண்டு வந்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, நீருக்குள் பல மீட்டர் ஆழம்வரை குவிந்திருக்கும். வெயில் எட்டுகிற மட்டும் அந்தப் பாறைகளின் மேல் பாசி படர்ந்திருக்கிறது. அந்தப் பாசிக்குள் எண்ணற்ற சிற்றுயிர்கள் வாசம் செய்கின்றன. இவ்விரண்டையும் சுரண்டித் தின்பதற்கென்றே அமைந்த பற்களோடு, நீலமும் மஞ்சளும் கருவரிகளுமாக, ஒரு சாண் நீளங்கூட இல்லாத மீன்கள் பாறையிடுக்குகளில் புகுந்தும் வெளிப்பட்டும் திரிகின்றன. அவ்வூர் மக்கள் அவற்றை ம்புனா என்று அழைக்கிறார்கள்.

இந்த மீன்கள் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. கேரளத்தார் விரும்பியுண்ணும் கரிமீனும் இதே குடும்பத்தின் ஒரு கிளைதான். இவற்றின் வாழ்க்கையை 1950களில் ஏரிக்கரையிலேயே தங்கி ஆராய்ந்தவர் ஜெஃப்ரி ஃப்ரையர் என்ற ஆங்கில விஞ்ஞானி. அவர் 1959இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து நமக்குப் பிரதானமாகத் தெரிய வருவது, பாறை இந்த மீன்களுக்கு வெறும் பின்னணியன்று, உணவும் உறைவிடமும் எல்லையும் எல்லாம் அதுவே என்பதாகும். ஆண் மீன் ஒவ்வொன்றும் ஒரு பாறையிடுக்கைத் தன் உடைமையாகக் கொண்டு, அதனுள் நுழையும் அயல் மீனை மூர்க்கமாக விரட்டுகிறது. பெண் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காத்துப் பொரித்து, குஞ்சுகளைக் கற்களின் நடுவே விடுகிறது. இரண்டு பாறைக் குவியல்களுக்கு இடையே விரிந்து கிடக்கும் மணற்பரப்பைக்கூடக் கடக்கத் துணியாத இனங்கள் பல உண்டு. இத்தகைய ஜீவனை ஒரு கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புகிறவன் பாறையையும் கூடவே கொண்டுவந்தாக வேண்டும். நாலு கூழாங்கற்களைப் போட்டுவிட்டுத் திருப்தியடைவது அந்த மீன்களுக்குச் செய்யும் கொடுமை. ஒளிய இடமில்லாத தொட்டியில் வலிய மீன் எளிய மீனைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடும்.

ஆகவே ம்புனா வளர்ப்போர் தொட்டியின் பின்பக்கம் முழுவதும், அடியிலிருந்து நீர்மட்டத்தின் அருகு வரைக்கும், அறுபது எழுபது கிலோ கற்களை அடுக்குவது சாதாரணம். அடுக்கும்போது அவர்கள் மனத்தில் ஒரு பயம் எழுகிறது: இத்தனை பாரத்தையும் இந்தக் கண்ணாடி தாங்குமா? நியாயமான பயந்தான், ஆனால் அது தவறான இடத்தைப் பார்த்து அஞ்சுகிறது. கண்ணாடியைப் பாரம் உடைப்பது அபூர்வம். பாரம் ஒரு முனையில் குவிவதும், குவிந்த பாரம் அசைவதும், அசைந்த கல் விழுவதுமே அதை உடைக்கின்றன. இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது இவ்வளவே.

முதலில் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் அது 270 லிட்டர். அதாவது 270 கிலோ. தளத்தின் பரப்பு 5,400 சதுர சென்டிமீட்டராகையால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 50 கிராம் பாரத்தைச் சுமக்கிறது. இப்பொழுது 12 கிலோ எடையுள்ள ஒரு கருங்கல்லை உள்ளே இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கருங்கல் நீரைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு அடர்த்தியானது. ஆகவே அந்தக் கல் சுமார் நாலரை லிட்டர் நீரை விலக்கி, அந்த அளவுக்குத் தன் எடையை நீருக்குள் இழந்து, ஏழரை கிலோ எடையுள்ளதாக மட்டுமே தளத்தின் மேல் அமருகிறது. வழிந்த நீரை வெளியே விட்டு மட்டத்தை முன்போலவே வைத்துக்கொண்டால், தொட்டியின் மொத்தப் பாரத்தில் கூடுவதும் இந்த ஏழரை கிலோதான். 270 கிலோவைச் சுமக்கும் தொட்டிக்கு இது ஒரு பொருட்டன்று. அந்தக் கல்லின் அடிப்பாகம் முந்நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எங்கும் சீராகப் பதிந்து உட்காருமானால், சதுர சென்டிமீட்டருக்கு அது தரும் அழுத்தம் 25 கிராம். அதன் தலைமேல் நிற்கும் நீர் தரும் அழுத்தத்தில் பாதி!

ஆனால் எந்தக் கல்லும் அப்படி உட்காருவதில்லை. இயற்கையில் உடைந்த கல்லின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால், சமதளமான கண்ணாடியின் மேல் அதை வைக்கும்போது அது மூன்றே மூன்று புள்ளிகளில்தான் தொடுகிறது. ஒரு திடப்பொருளுக்கு ஆடாமல் நிற்க மூன்று புள்ளிகள் போதும் என்பது வடிவகணிதத்தின் விதி. நம் கிராமத்துப் பெண்கள் மூன்று கற்களை வைத்து அடுப்புக் கூட்டும்போது, எவ்வளவு கரடான தரையிலும் பானை ஆடாமல் நிற்பதற்கு இந்த விதியே காரணம். அடுப்பில் உபகாரமாக நிற்கும் அதே விதி கண்ணாடித் தொட்டியில் அபாயமாக மாறுகிறது. ஏழரை கிலோவும் மூன்று முனைகளில் பங்கிடப்பட்டு, முனைக்கு இரண்டரை கிலோவாகிறது. முனையின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால், அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 250 கிலோ. நீர் தருகிற அழுத்தத்தைப்போல் இது ஐயாயிரம் மடங்கு.

இப்படி இரண்டு வளைந்த பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தித் தொடுமிடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை முதன்முதல் கணிதத்தினால் தெளிவாக்கியவர், பிற்காலத்தில் மின்காந்த அலைகளைக் கண்டறிந்து அழியாப் புகழ் பெற்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். 1881ஆம் ஆண்டு, பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்த இளைஞரான அவர், ஒன்றோடொன்று அழுத்தி வைத்த கண்ணாடி லென்ஸுகளுக்கு இடையில் தோன்றும் ஒளி வளையங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அழுத்தத்தினால் லென்ஸுகளே சற்று நசுங்கி உருமாறுவதைச் சிந்தித்து, அந்த நசுங்கலின் அளவையும் அழுத்தத்தின் பரவலையும் சூத்திரமாக வடித்தார். அவர் தொடங்கிய அந்தக் கணிதத்திலிருந்து நமக்கு முக்கியமான ஓர் உண்மை கிடைக்கிறது. முனையின் நேர் அடியில் கண்ணாடி நசுக்கப்படுகிறது. நசுக்குவதைக் கண்ணாடி வியக்கத்தக்க உறுதியோடு தாங்கும். ஆனால் முனையைச் சுற்றி, தொடும் வட்டத்தின் விளிம்பில், கண்ணாடியின் மேற்பரப்பு வெளிநோக்கி இழுக்கப்படுகிறது. நசுக்கலுக்கு அஞ்சாத கண்ணாடி இழுப்புக்கு அஞ்சும். விளிம்பிலே தோன்றும் அந்த இழுவிசையே, ஒரு கூம்பின் வடிவத்தில் கீழ்நோக்கி விரிந்து செல்லும் விரிசலுக்குப் பிறப்பிடமாகிறது. ஜன்னல் கண்ணாடியில் சிறு கல் பட்ட இடத்தில் மறுபக்கம் கூம்பாகப் பெயர்ந்து விழுந்திருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். அது ஹெர்ட்ஸின் கணிதம் கண்ணுக்குத் தெரிகிற வடிவம்.

கண்ணாடி இழுப்புக்கு ஏன் அஞ்ச வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் ஆலன் கிரிஃபித். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலிருந்த விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இந்தப் பொறியியல் அறிஞர், முதல் உலக யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், கண்ணாடியின் அணுக்களைப் பிணைத்திருக்கும் சக்தியைக் கணக்கிட்டால் அது எவ்வளவு பலமாக இருக்க வேண்டுமோ, நடைமுறையில் அதில் நூற்றில் ஒரு பங்கு பலந்தான் காணப்படுகிறது என்பதைக் கண்டு, அதற்குக் காரணம் தேடினார். கண்ணாடியை உருக்கி மிக மெல்லிய இழைகளாக இழுத்துப் பார்த்தபோது, இழை மெலிய மெலிய அதன் பலம் அதிகரித்துக்கொண்டே போவதைக் கண்டார். இது எப்படி? சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கீறல்கள் எண்ணிறந்தவை இருக்கின்றன. கண்ணாடியை இழுக்கும்போது அந்த இழுவிசை முழுவதும் கீறலின் கூரிய நுனியில் வந்து குவிகிறது. அங்கே பிணைப்பு அறுந்தால் கீறல் நீளுகிறது. நீள நீளக் குவிகிற விசையும் பெருகுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் எதனாலும் தடுக்க முடியாத வேகத்தோடு அது கண்ணாடி முழுவதையும் பிளந்துவிடுகிறது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லாததால் அது பலமாயிருக்கிறது. இரும்பும் செம்பும் போன்ற உலோகங்களில், குவியும் விசைக்கு உலோகம் சற்று நெளிந்து கொடுத்துக் கீறலின் நுனியை மழுக்கிவிடும். கண்ணாடிக்கு அந்த இணக்கம் கிடையாது. 1921இல் அச்சான கிரிஃபித்தின் கட்டுரை, இன்று விமானம் முதல் அணைக்கட்டு வரை எல்லாவற்றின் முறிவையும் ஆராயும் ஒரு தனிச் சாஸ்திரத்துக்கு ஆதாரமாக நிற்கிறது. மீன் தொட்டிக்கும் அதுவே ஆதாரம் என்று நான் சொல்வேன்.

இதனோடு இன்னுமொரு விஷயத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் தொட்டிகளின் விசித்திரமான நடத்தை விளங்கும். கல் அடுக்கி, நீர் நிரப்பி, மீன் விட்டு, மாதக்கணக்கில் குறைவின்றி இருந்த தொட்டி, ஒருநாள் நள்ளிரவில், யாரும் தொடாதிருக்கும்போதே, படீரென்று வெடித்துப் போவதுண்டு. வீட்டார் திகைத்துப்போய்க் கண்ணாடியின் தரத்தைக் குறை கூறுவார்கள். ஆனால் பாரத்துக்கு உட்பட்ட கண்ணாடி உடனே முறியாமல் காலங்கடந்து முறியக்கூடும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறியப்பட்டிருந்தது. அதற்குக் காரணம் நீர் என்பதை அமெரிக்காவில் ஷெல்டன் வீடர்ஹார்ன் என்பவர், காற்றின் ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் விரிசலின் வேகத்தை அளந்து, 1967இல் தெளிவாகக் காட்டினார். கீறலின் நுனியில் இழுக்கப்பட்டு நிற்கும் சிலிக்கன், ஆக்ஸிஜன் பிணைப்புகளை நீரின் மூலக்கூறு வந்து தாக்கி அறுக்கிறது. ஒவ்வொன்றாக, கணந்தோறும், கண்ணுக்குத் தெரியாமல், விரிசல் ஊர்ந்து செல்கிறது. மீன் தொட்டியின் அடிக்கண்ணாடியோ இரவும் பகலும் நீரில் நனைந்தபடியே பாரம் சுமப்பது! ஆகையால், கல்லை வைத்த அன்று உடையவில்லை என்பதைக் கொண்டு, வைத்த விதம் சரியானது என்று முடிவு கட்டிவிட முடியாது.

கீறல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நாமே உண்டாக்குவதுதான். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்திய மோஸ் என்பவரின் அளவுகோலில் ஜன்னல் கண்ணாடிக்குச் சுமார் ஐந்தரை. கருங்கல்லில் கலந்திருக்கும் குவார்ட்ஸுக்கு ஏழு. சுண்ணாம்புக் கல்லின் கால்ஸைட்டுக்கு மூன்று. கருங்கல்லோ மணற்கல்லோ கண்ணாடியின் மேல் ஒரு அங்குலம் நகர்ந்தால் கோடு விழும். சுத்தமான சுண்ணாம்புக் கல் நகர்ந்தால் கல்தான் தேயும். ஆனால் ஆற்று மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான் என்பதை மறந்துவிடலாகாது. எவ்வளவு மெதுவான கல்லானாலும் அதற்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு மணல் அகப்பட்டுக்கொண்டால், அந்தக் கல்லின் பாரம் முழுவதும் அந்த ஒரு மணலின் முனைவழியாகக் கண்ணாடியில் இறங்கும்.

இனி நடைமுறைக்கு வருவோம். கற்களைப் பற்றி யோசிக்கும் முன் தொட்டியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். நம் ஊர்களில் சிலிக்கோனால் ஒட்டிச் செய்யும் தொட்டிகளில் பெரும்பாலானவற்றில் அடிக்கண்ணாடி முழுவதுமே ஸ்டாண்டின் பலகைமேல் படிந்திருக்கும். இவற்றுக்கு அடியில் ஒரு தெர்மோகோல் தகட்டை விரிப்பது அவசியம். பலகையின் மேடுபள்ளங்களையும், துடைக்காமல் விட்ட சிறு மண்ணையும் அது தன்னுள் வாங்கிக்கொள்கிறது. மேலிருந்து ஒரு முனை குத்துவதும் கீழிருந்து ஒரு முனை குத்துவதும் கண்ணாடிக்கு ஒன்றே. வேறு சில தொட்டிகளில், முக்கியமாக அடியில் பிளாஸ்டிக் சட்டம் பொருத்தி வரும் கம்பெனித் தொட்டிகளில், அடிக்கண்ணாடி பலகையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் உயரத்தில், நான்கு விளிம்புகளால் மட்டும் தாங்கப்பட்டு நிற்கும். இவற்றின் அடியில் தெர்மோகோல் வைக்கலாகாது என்று செய்தவர்களே சொல்லுகிறார்கள். பாரம் சட்டத்தில் இறங்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. அத்தகைய தொட்டியில் நடுவிலே வைக்கும் கல் அடிக்கண்ணாடியை அதிகமாக வளைத்து அதன் கீழ்ப்பரப்பை இழுவிசைக்கு உள்ளாக்கும். அதே கல் விளிம்பை ஒட்டிய இடத்தில் அவ்வளவு வளைக்காது.

தொட்டிக்குள்ளே, கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், சற்று நசுங்கிக் கொடுக்கிற ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். முன்சொன்ன முனை ஒரு சதுர மில்லிமீட்டரில் குத்துவதற்குப் பதிலாக, மெத்தென்ற தகட்டில் அமிழ்ந்து பத்துச் சதுர சென்டிமீட்டரில் பரவுமானால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 250 கிலோவிலிருந்து 250 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு! இவ்வளவு அற்பமான செலவில் இவ்வளவு பெரிய பாதுகாப்பைத் தருகிற உபாயம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. இதற்குச் சிலர் தெர்மோகோலையே உள்ளேயும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு சங்கடம், ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள தெர்மோகோல் தகடு தொட்டியின் தளம் முழுவதும் விரிக்கப்பட்டால், ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு மேலே எழும்ப முயலும். கற்கள் அதைப் பிடித்து வைத்திருக்கலாம், ஆனால் ஒரு கல்லை எடுத்த கணமே தகடு எழும்பி மற்றவற்றைச் சாய்த்துவிடும். மேலும் மீன்கள் அதைக் கொத்திக் கொத்தி உதிர்க்கும். கல் வருகிற இடங்களில் மட்டும் சிறு துண்டுகளாக வெட்டிச் சிலிக்கோனால் ஒட்டிவிடுவது நல்லது. கட்டடங்களில் மின்விளக்குகளுக்கு அடியில் மாட்டுகிற, சிறு சிறு கட்டங்களாக அமைந்த பிளாஸ்டிக் சட்டத்தை விரிப்போரும் உண்டு. கல் வழுக்காமல் இருக்க அது நன்றாக உதவும், ஆனால் அது கடினமானதாகையால் பாரத்தைப் பரப்புவதில் மெத்தென்ற தகட்டுக்கு ஈடாகாது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது உத்தமம்.

கல் முதலா, மணல் முதலா? சந்தேகமின்றிக் கல்தான் முதல். மணலை முதலில் பரப்பி அதன்மேல் கல்லை அமர்த்துவது பார்வைக்கு எளிதாகவும், கண்ணாடிக்கு மணலே ஒரு மெத்தைபோலவும் தோன்றலாம். அது நிலைத்திருக்கிற மெத்தையன்று. சிக்லிட் மீன்கள் வாய்நிறைய மணலை அள்ளி அப்பால் கொண்டுபோய்த் துப்பும் சுபாவம் உடையவை. அதிலும் முட்டையிடும் பருவத்து ஆண் மீன், தன் கல்லின் அடியிலேதான் குழி பறிக்கும். மணலின் சரிவு ஏறக்குறைய முப்பது முப்பத்தைந்து பாகைக்குமேல் நிற்காது என்பதால், குழி ஆழமாக ஆழமாகச் சுற்றியுள்ள மணலும் சரிந்து அதற்குள் வருகிறது. கல்லின் ஒரு பக்கம் வெறுமையில் நிற்கிறது. பிறகு ஒருநாள், ஒரு விரல் கனமுள்ள மீன் செய்த வேலையினால் பத்துக் கிலோ கல் புரண்டு விழுகிறது. அடிக்கற்கள் தகட்டின்மேல் நேராக அமர்ந்து, அவற்றைச் சுற்றிப் பிறகு மணல் இட்டால், மீன் எவ்வளவு தோண்டினாலும் கல் அசையாது. தோண்டட்டும்; அது அவற்றின் சந்தோஷம்.

அடுக்கும் விதத்தில் பொறுமை வேண்டும். தொட்டியை அலங்கரிப்பவர்கள் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான், அதன் பலனை அனுபவிப்பதும் இந்தக் கட்டத்தினால்தான். தொட்டியின் தளத்தின் அளவுக்கு ஒரு செவ்வகத்தைத் தரையில் வரைந்து, அதன்மேல் கற்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டு, பிறகு அதே வரிசையில் தொட்டிக்குள் வைப்பது விவேகமான வழக்கம். மிகப் பெரிய கற்களும், அகலமான முகம் உடையவையும் அடியில் செல்ல வேண்டும். மேலே வைக்கும் ஒவ்வொரு கல்லும் கீழுள்ளவற்றின்மேல் மூன்று இடங்களிலாவது பொருந்தி, அதன் கனமையத்திலிருந்து நேர்கீழாக விழும் கோடு அந்த மூன்று புள்ளிகளுக்கு உட்பட்ட முக்கோணத்தின் உள்ளே விழ வேண்டும்; விளிம்பில் விழுந்தால் இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்காது. கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள உராய்வை நம்பிச் சரிவாக எதையும் சாத்தி வைக்கலாகாது. உலர்ந்த கல்லின் உராய்வு வேறு, ஆறு மாதம் சென்று பாசி படர்ந்து வழுவழுத்த கல்லின் உராய்வு வேறு. ஒவ்வொரு கல்லையும் வைத்தபின், மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் விரலால் அழுத்தித் தள்ளிப் பார்த்து, சற்றே ஆடினாலும் எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும். ஆடுகிற கல்லின் அடியில் சிறு சில்லைச் செருகிச் சமாளிப்பது, சாந்தில்லாமல் மதில் கட்டும் தேர்ந்த கொத்தருக்குக் கைவந்த வித்தையாயிருக்கலாம், ஆனால் நீருக்குள் அந்தச் சில் நழுவிவிடக்கூடும். நீருக்குள் கல்லின் எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால், ஒரு மீனின் முட்டலும் பம்பின் நீரோட்டமும் தரையில் இருப்பதைவிட அங்கே அதிகமாகவே அதை அசைக்கும்.

விழுகிற கல் எவ்வளவு கொடியது என்பதை ஒரு சிறு கணக்கு புலப்படுத்தும். மூன்று கிலோ கல் முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கை நழுவி வறண்ட தொட்டியில் விழுகிறது. அது சேர்த்துக்கொண்ட சக்தி முழுவதும் நிற்கும் இடத்தில் செலவழிந்தாக வேண்டும். கண்ணாடியும் கல்லும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் அதை நிறுத்தினால், அந்த ஒரு கணத்தில் கண்ணாடியின்மேல் சராசரியாக விழும் விசை 900 கிலோ பாரத்துக்குச் சமம். அதே கல் ஒரு சென்டிமீட்டர் அமிழக்கூடிய மெத்தையில் விழுந்தால் 90 கிலோ. நீருக்குள் விழுந்தால் எடைக் குறைவினாலும் நீரின் தடையினாலும் இது மேலும் தணியும் என்றாலும், அபாயம் நீங்குவதில்லை. பன்னிரண்டு கிலோவை மெதுவாக வைத்தால் தாங்குகிற தளம், மூன்று கிலோ நழுவினால் போய்விடுகிறது. ஆகவே கல்லை இரண்டு கைகளாலும் பிடித்துத் தளத்தைத் தொடும்வரை விடாமல் இறக்க வேண்டும். பாசி படிந்த கல்லை ஈரக் கையால் தூக்குவதைப்போல் ஆபத்தானது வேறில்லை.

பக்கக் கண்ணாடிகளை மறந்துவிடக் கூடாது. மேற்சொன்ன தொட்டியின் முன்கண்ணாடியை நீர் வெளிநோக்கித் தள்ளும் மொத்த விசை சுமார் 150 கிலோ. அந்த விசையினால் கண்ணாடி சற்று வெளியே வளைந்தே நிற்கிறது, அதன் வெளிப்பரப்பு ஏற்கெனவே இழுவிசையில் இருக்கிறது. அதன்மேல் ஒரு கல்லைச் சாத்திவைத்து இன்னும் ஒரு முனையின் அழுத்தத்தைக் கூட்டுவது பெரும் பிழை. கற்குவியலுக்கும் நான்கு கண்ணாடிகளுக்கும் இடையே நாலைந்து விரற்கிடை விட்டுவைத்தால், கண்ணாடிக்கும் க்ஷேமம், பாசி துடைக்கவும் வசதி, கல்லின் பின்னால் நீரும் தேங்கி நாறாது.

உயரமாக அடுக்க விரும்புவோர் கற்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதே நன்று. பூஞ்சைத் தடை மருந்து கலவாத சிலிக்கோன் இதற்கு ஏற்றது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி மேலிருந்து உள்ளாகக் கெட்டிப்படுவதால், தடியாகப் பூசிய இடம் இறுக நாட்கள் பல ஆகும். புளித்த காடி வாசனை அடங்கும்வரை நீர் விடலாகாது. கல்லில் துளையிட்டுப் பிளாஸ்டிக் கம்பிகளைச் செருகிப் பிணைப்பது அதனினும் உறுதியானது. பெரிய காட்சிசாலைகளில் பாறைபோலத் தோன்றுபவற்றில் பல, கண்ணாடியிழையாலும் கான்கிரீட்டாலும் வார்த்த உள்ளீடற்ற செயற்கைப் பாறைகள். வீட்டுத் தொட்டிக்கு எரிமலைக் கல்லும் அதேபோன்ற உபகாரம் செய்யும். அதன் துளைகளின் காரணமாக, பார்வைக்குப் பெரிய குன்றும் கைக்குச் சிறிய பாரமாக இருக்கும். கடப்பாக்கல் பலகை நம் ஊரில் எங்கும் கிடைப்பது. குகைக்குக் கூரையாக வைக்க ஏற்றது. அது சுண்ணாம்பு வகையாகையால் நீரின் கடினத்தைச் சற்றே ஏற்றும். மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை உடையதாகையால் அந்த மீன்களுக்கு இது உவப்பே; மென்மையான நீரை நாடும் அமேசான் மீன்களுக்கு ஆகாது. கல்லைச் சுத்தம் செய்ய எண்ணி அடுப்பில் கொதிக்க வைப்பவர்களை நான் வற்புறுத்தித் தடுப்பேன்: கல்லின் உள்ளே அகப்பட்ட ஈரம் நீராவியாகிக் கல்லையே வெடிக்கச் செய்யும். தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்தால் போதும்.

வீட்டின் தளத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 80 கிலோ கல்லும், மிஞ்சிய இடத்தில் 240 லிட்டர் நீரும், 55 கிலோ கண்ணாடியும் ஸ்டாண்டுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 400 கிலோ, அரைச் சதுர மீட்டர் இடத்தில் நிற்கிறது. குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ என்றே கட்டடக் கணக்கு போடப்படுகிறது. அந்தக் கணக்கு அறை முழுவதற்குமான பரவலாகையால் இத்தகைய தொட்டியை வைக்கவே கூடாதென்று பொருளில்லை. மாடியில் வைப்போர் அறையின் நடுவைத் தவிர்த்து, உத்தரத்தின் மேலோ சுமைதாங்கும் சுவரின் ஓரத்திலோ வைக்க வேண்டும்.

நீரை இறைக்கும்போது மிதப்புவிசை அகன்று கல் தன் முழு எடையையும் திரும்பப் பெறுகிறது. பாசி வழுக்கும் கற்குவியல், நீரில் நின்றதுபோலக் காற்றிலும் நிற்கும் என்று நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். தொட்டியை இடம் மாற்ற நேர்ந்தால், எவ்வளவு சிரமமாயினும், மேலிருந்து தொடங்கிக் கற்கள் அனைத்தையும் வெளியே எடுத்துவிட்டே தூக்குங்கள். அப்பொழுது அடிக்கண்ணாடியைத் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படுகிற கீறலோ, சிறு கூம்பாகப் பெயர்ந்த வடுவோ தென்பட்டால், அந்தத் தொட்டியில் மறுபடியும் பாறை அடுக்க வேண்டாம். அடிக்கண்ணாடியை மாற்றச் செய்யுங்கள், அல்லது நீர் விடாமல் செடி வளர்க்கக் கொடுத்துவிடுங்கள்.